மனச்சுமையும் மீட்சி எல்லையும்

மேனிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நீண்ட எஃகுக் கம்பியின் ஒரு முனையை உத்தரத்தில் உறுதியாகப் பொருத்தி, மறுமுனையில் எடைத்தாங்கியைத் தொங்கவிடுவர். அதில் அரைக் கிலோகிராம் எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றினால் கம்பி சிறிது சிறிதாக நீளும். எடைகளை எடுத்துவிட்டால் பழைய நீளத்திற்கே மீளும். ஆனால் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி எடையை ஏற்றினால், பிறகு எடையை எடுத்தாலும் கம்பி பழைய நிலையை அடைவதில்லை. இவ்வெல்லையை மீட்சி எல்லை என்கிறோம்.

இச்சோதனையில் இரண்டு சொற்களைப் பிரித்தறிவது இன்றியமையாதது. ஓரலகுப் பரப்பில் தோன்றும் மீட்பு விசை தகைவு எனப்படும். அதனால் கம்பியின் நீளத்தில் ஏற்படும் மாறுபாட்டின் விகிதம் திரிபு எனப்படும். ஒரே எடையைத் தடித்த கம்பியிலும் மெல்லிய கம்பியிலும் தொங்கவிட்டால் இரண்டிலும் தகைவு ஒன்றாக இராது. எனவே எடையை மட்டும் பார்த்து, 'இது சிறிய எடைதானே, இதற்குப் போய்க் கம்பி அறுமா?' என்று கேட்பது இயற்பியல் ஆகாது. எந்தக் கம்பி, எவ்வளவு பரப்பு, அதற்கு முன்பே எவ்வளவு எடை தொங்கிக்கொண்டிருந்தது என்பனவற்றையும் கேட்க வேண்டும்.

மாணவர்களின் மனத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை. 'ஒரு பரீட்சைதானே!' என்று சொல்லிவிடுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். தேர்வுத் தோல்வி காரணம் எனப் பதிவானவை இவற்றுள் ஒரு சிறு பகுதியே. மற்றவற்றுக்குப் பின்னால் குடும்பச் சிக்கல், நோய், அவமானம், தனிமை எனப் பல சுமைகள் இருந்தன. அறுவதற்கு முன் கம்பியில் ஏற்றியிருந்த எடைகளை எண்ணிப் பார்க்க யாரேனும் இருந்தார்களா என்பதே இங்குக் கேள்வி. அவ்வாறு எண்ணிப் பார்த்துச் சுமையைப் பகிரும் முறைக்கே பள்ளியில் ஆற்றுப்படுத்தல் என்று பெயர். அது வெறும் இரக்கச் செயல் அன்று; அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இயற்பியலிலிருந்து சென்ற சொல்

தகைவு என்னும் கருத்தை உடலியலுக்குக் கொண்டு சென்றவர் ஹான்ஸ் ஸெல்யே என்னும் மருத்துவ அறிஞர். கனடாவின் மாண்ட்ரீல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் எலிகளைக் கொண்டு ஆய்ந்தார். கடுங்குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, மருந்து நஞ்சு ஆகிய வெவ்வேறு துன்பங்களுக்கு எலிகள் ஆளாயின. துன்பங்கள் வேறுபட்டாலும் உடலில் கண்ட மாறுதல்கள் ஒன்றுபோலவே இருந்தன. அட்ரீனல் சுரப்பி பெருத்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டாயிற்று. இம்முடிவுகளை 1936ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் அவர் சுருக்கமாக வெளியிட்டார். பின்னர் இந்நிலைக்குப் பொறியியலாளர்கள் கையாளும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லையே சூட்டினார். இயற்பியல் நோக்கில் பார்த்தால் அவர் கண்டது விளைவு. ஆகவே 'ஸ்ட்ரெயின்' என்னும் திரிபே பொருத்தமான சொல்லாக இருந்திருக்கும். பெயர் எதுவானாலும் செய்தி ஒன்றுதான்: சுமை எந்த வடிவில் வந்தாலும் உடல் ஒரு பொதுவான முறையில் அதற்கு விடை தருகிறது.

தேர்வுக்கூடத்தில் உடல்

வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது, வாய் உலர்வது, வயிற்றைப் பிசைவது ஆகியவை மாணவர் அனைவரும் அறிந்தவை. இவை கோழைத்தனத்தின் அடையாளங்கள் அல்ல. ஆபத்தைக் கண்ட விலங்கு எதிர்த்துப் போரிட அல்லது ஓடித் தப்ப ஆயத்தமாகும் ஏற்பாடே இது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன் இதனை விரிவாக ஆராய்ந்து 1915இல் நூலாக வெளியிட்டார்.

கேனன் தம் நூலில் தரும் சில செய்திகள் மாணவர்களுக்குச் சுவையானவை. கடினமான தேர்வு ஒன்றை எழுதிய மருத்துவ மாணவர் 34 பேரின் சிறுநீரைச் சோதித்தனர். ஒருவருக்குத் தேர்வுக்கு முன்பே சர்க்கரை இருந்தது. எஞ்சிய 33 பேரில் 6 பேருக்குத் தேர்வு முடிந்தவுடன் சிறிதளவு சர்க்கரை காணப்பட்டது. 1913ஆம் ஆண்டின் இறுதிக் கால்பந்துப் போட்டி முடிந்ததும் ஹார்வர்டு அணியினர் 25 பேரைச் சோதித்தபோது 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. இந்தப் பன்னிருவரில் ஐவர் களத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் அமர்ந்திருந்தவர்கள்! ஓடாமல், உதைக்காமல், அமர்ந்திருந்தவரின் இரத்தத்திலும் சர்க்கரை ஏறியது என்றால், அதனை ஏற்றியது தசையின் உழைப்பு அன்று, மனத்தின் கிளர்ச்சியே என்பது விளங்குகிறதல்லவா?

இது நிகழும் முறை பின்வருமாறு. ஆபத்து என்று மூளை உணர்ந்த சில நொடிகளில் நரம்புகள் வழியே ஆணை சென்று, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது; கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளிவிடுகிறது; செரிமானம் மந்தமாகிறது. இதன் பின் இரண்டாவது அலை ஒன்று மெதுவாக வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரீனலைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. இதன் அளவு உச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும்.

கார்ட்டிசாலின் அளவு உயர்ந்ததும், அதுவே மூளைக்குச் சென்று 'போதும், நிறுத்து' என்று அறிவிக்கிறது. மின் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் உள்ளே உள்ள வெப்பச் சீராக்கி மின்னோட்டத்தைத் துண்டிக்கிறதே, அது போன்றதே இவ்வேற்பாடும். தேர்வு முடிந்து மாணவன் வீட்டிற்கு வந்து, உண்டு, உறங்கினால் எல்லாம் பழைய நிலைக்கு மீளும். ஆனால் வீட்டிலும் அச்சம், வகுப்பிலும் அச்சம், இரவில் உறக்கமின்மை என்று மாதக்கணக்கில் நீடித்தால் இந்தச் சீராக்கி ஒழுங்காகச் செயல்படுவதில்லை. அப்போதுதான் தலைவலி, வயிற்றுவலி, எரிச்சல், கவனக்குறைவு ஆகியவை நிலைத்துவிடுகின்றன. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் மட்டும் ஒரு சிறுமிக்கு நாள்தோறும் வயிறு வலித்தால், 'நடிக்கிறாள்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி உண்மையானதே. அதன் காரணம் வயிற்றில் இல்லாமல் இருக்கலாம்.

அச்சம் ஓரளவு தேவையா?

'பயம் இருந்தால்தான் பிள்ளைகள் படிக்கும்' என்பது பெற்றோர் பலரின் கருத்து. இதில் எவ்வளவு உண்மை உண்டு? 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்க உளவியலார் சுண்டெலிகளுக்கு ஒரு பாடம் கற்பித்தனர். வெள்ளைப் பெட்டிக்குள் சென்றால் தீங்கில்லை. கறுப்புப் பெட்டிக்குள் சென்றால் சிறு மின்னதிர்ச்சி. பெட்டிகளை வேறுபடுத்தி அறிவது எளிதாக இருந்தபோது அதிர்ச்சி மிக மிகச் சுண்டெலிகள் விரைவில் கற்றன. ஆனால் ஒளியைக் குறைத்து வேறுபாட்டை அறிவதைக் கடினமாக்கியபோது நிலைமை மாறியது. அதிர்ச்சி ஓரளவுக்கு மேல் போனதும் கற்றல் தாமதப்பட்டது. பாடம் கடினமாகக் கடினமாக, தாங்கக்கூடிய அதிர்ச்சியின் அளவும் குறைந்துகொண்டே வந்தது.

சுண்டெலிக்குக் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் இதன் சாரம் நம் அனுபவத்துடன் ஒத்துப்போகிறது. விறகு பிளப்பவனை அதட்டினால் வேலை சற்று விரைவாக நடக்கலாம். வகைநுண்கணிதக் கணக்கைப் போடுபவனை அதட்டினால் என்ன ஆகும்? போட்ட கணக்கும் பிழையாகும்.

தெரிந்த விடை மறந்து போவது ஏன்?

'வீட்டில் எல்லாம் தெரிந்தது சார், ஹாலில் எல்லாம் மறந்துவிட்டது' என்று சொல்லாத மாணவர் அரிது. இதைச் சாக்கு என்று ஒதுக்குவதற்கு முன் நினைவின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. நாம் கற்றவை நீண்டகால நினைவில் சேமிக்கப்படுகின்றன. ஒரு கணக்கைப் போடும்போது தேவையானவற்றை அங்கிருந்து எடுத்து, சிறிது நேரம் கையில் வைத்துக் கையாள வேண்டியிருக்கிறது. இதற்கென்று உள்ள ஏற்பாட்டைச் செயல் நினைவு என்பர். இதனை 1974இல் பேட்லி, ஹிட்ச் என்னும் பிரிட்டிஷ் உளவியலார் தெளிவாக வரையறுத்தனர்.

செயல் நினைவின் கொள்ளளவு மிகச் சிறியது. நூலகத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் இருந்தாலும் மேசையில் நான்கைந்தை மட்டுமே விரித்து வைக்க முடியும் அல்லவா? 'தோற்றுவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?' என்ற கவலை அந்த மேசையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. கணக்கை விரிக்க இடமில்லை. நூலகத்தில் நூல் பத்திரமாகவே இருக்கிறது. தேர்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் விடை பளிச்சென்று நினைவுக்கு வருவதன் காரணம் இதுவே.

அப்படியானால் கவலையை மேசையிலிருந்து இறக்கி வைக்க வழி உண்டா? தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தம் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்தனர் என்று 2011இல் ஓர் ஆய்வு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்து பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் வேறு அறிஞர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து 2018இல் வெளியிட்டபோது அந்தப் பயன் காணப்படவில்லை. அறிவியலில் இது வழக்கமே. எனவே 10 நிமிட மந்திரம் எதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இதைவிட உறுதியான வழி, கவலை முற்றி வளரும் முன்பே மற்றொரு மனிதரிடம் அதனைச் சொல்வதாகும்.

அறிவுரை வேறு, ஆற்றுப்படுத்தல் வேறு

தமிழில் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை இருப்பதை நாம் அறிவோம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும் அவ்வழியின் இயல்பையும் கூறி அவனை அங்குச் செலுத்துவது இதன் பொருள். ஆறு என்றால் வழி. நடந்து செல்பவன் வறியவனேயன்றி வழி கூறுபவன் அல்லன் என்பதைக் கவனிக்க வேண்டும். கவுன்சலிங் என்பதற்கு ஆற்றுப்படுத்தல் என்ற சொல் வழங்குவது மிகவும் பொருத்தமே. ஆலோசனை என்றும், இலங்கையில் உளவளத்துணை என்றும் இதனைக் கூறுவர்.

அறிவுரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியரிடம் வந்து, "சார், எனக்குப் படிப்பே வராது சார்" என்கிறான் என்று கொள்வோம்.

"ஏன்டா வராது? ஒழுங்கா உட்கார்ந்து படிச்சா வராதா? பக்கத்து பெஞ்சுப் பையனைப் பாரு" என்பது அறிவுரை. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் உரையாடல் அத்துடன் முடிந்துவிடுகிறது. மாணவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

"எப்போதிலிருந்துப்பா அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அரையாண்டுப் பரீட்சையிலிருந்து சார். கணக்குப் பேப்பரைப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. இருபத்திரண்டு மார்க். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. கையெழுத்தை நானே போட்டுட்டேன்."

இப்போது என்ன நிகழ்ந்தது? 'படிப்பே வராது' என்ற ஒரு பெரிய சுமை மூன்று கூறுகளாகப் பிரிந்துவிட்டது. ஒன்று, தேர்வு அச்சம். இரண்டு, கணக்குப் பாடத்தில் உள்ள குறை. மூன்று, தந்தையிடம் மறைத்த குற்ற உணர்ச்சி. சாய்தளத்தில் இருக்கும் பொருளின் எடையை நேரடியாகக் கையாள முடியாதபோது அதனைக் கூறுகளாகப் பகுத்துக் கொள்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே வழி தேடலாம். அச்சத்திற்குப் பயிற்சி, கணக்கிற்கு எட்டாம் வகுப்புப் பின்னங்களிலிருந்து மறுபடியும் தொடக்கம், தந்தையிடம் சொல்ல ஆசிரியரின் துணை. கேள்வி ஒன்று, பொறுமை சிறிது. செலவு அவ்வளவே.

இம்முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலார் கார்ல் ரோஜர்ஸ். 1942இல் வெளிவந்த நூலில், ஆலோசகர் தீர்ப்பு வழங்குபவரும் அல்லர், கட்டளையிடுபவரும் அல்லர் என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். 1957இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகருக்கு வேண்டிய இயல்புகளை விளக்கினார். அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை: மற்றவர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையின்றி அவரை மதித்தல், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை.

மனத்தில் உள்ளதைச் சொல்வதனால் என்ன பயன் என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள், அச்சமோ சினமோ காட்டும் முகங்களைச் சிலருக்குக் காட்டி, அவர்கள் மூளையின் இயக்கத்தைக் காந்த அதிர்வுப் படக் கருவியால் பதிவு செய்தனர். அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் குறித்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் இயக்கம் தணிந்தது. நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதி மிகுதியாக இயங்கியது. பெயரில்லாத கலக்கத்திற்குப் பெயர் வைப்பதே அதனை ஆளத் தொடங்குவதாகும்.

பள்ளிகளில் இதன் வரலாறு

கல்வியோடு ஆற்றுப்படுத்தல் இணைந்தது தொழில் வழிகாட்டல் மூலமாகவே. 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நம் நாட்டில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952–53இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டும் பணி அமைய வேண்டுமென வற்புறுத்தியது. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு, வழிகாட்டுதலும் ஆலோசனையும் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி என்றது.

குழுக்கள் கூறியவை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி நிலையம் ஒவ்வொன்றும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலார் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சிறிய பள்ளிகள் வெளியே உள்ள மனநல வல்லுநர்களுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பள்ளிப் பருவத்தில் இது ஏன் தேவை எனில், மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளாகவே தலைகாட்டிவிடுகின்றன. காய்ச்சல் கண்ட முதல் நாளே மருந்து கொடுப்பதற்கும், முற்றிய பின் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

ஆலோசகரிடம் கூறியது ஊரெல்லாம் பரவும் என்ற அச்சம் மாணவர்களைத் தடுக்கிறது. நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே இரகசியம் காப்பதைப் பற்றியும் அதன் எல்லையைப் பற்றியும் கூறிவிடுவார். மாணவனின் உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ சொல்லியாக வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்கு அறிவித்தாக வேண்டும். இவையன்றி மற்றவை அவர்களுக்குள்ளேயே இருக்கும்.

அடையாளங்களும் முதலுதவியும்

ஆலோசகர் இல்லாத பள்ளிகள் இன்னும் மிகப் பல. எனவே ஆசிரியரும் பெற்றோரும் நண்பர்களும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். ஒரு நாள் வாட்டம் எல்லாருக்கும் இயல்பே. ஆனால் கீழ்க்கண்டவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

1. முன்பு விரும்பிச் செய்த விளையாட்டு, பாட்டு முதலியவற்றில் நாட்டம் போய்விடுதல்.
2. உறக்கமும் பசியும் மிகக் குறைதல் அல்லது மிகுதல்.
3. நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், காரணமின்றி எரிந்து விழுதல்.
4. மதிப்பெண் திடீரெனச் சரிதல், அடிக்கடி விடுப்பு எடுத்தல்.
5. 'நான் எதற்கும் உதவாதவன்', 'நான் பாரம்' என்பன போன்ற பேச்சு.

'நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி' என்று ஒருவர் கூறினாலோ, தமக்கு அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்து விடைபெறுவது போல் பேசினாலோ இரண்டு வாரம் காத்திருக்கலாகாது. அன்றே செயல்பட வேண்டும். 'சாவதைப் பற்றி நினைக்கிறாயா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அவ்வாறு நேர்வதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. மாறாக, கேட்கப்பட்டவருக்கு ஓர் ஆறுதலே உண்டாகிறது. அதன்பின் அவரைத் தனியே விடாமல், பொறுப்புள்ள பெரியவர் ஒருவரிடம் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று நண்பனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாலும், இந்த ஒன்றில் அச்சத்தியத்தை மீறுவதே நட்பு.

தொலைபேசி வழி உதவியும் உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இவ்வெண்களைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கச் சுண்ணக்கட்டி ஒன்று போதும்.

நாமே செய்து பார்க்கக் கூடியவை

இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஆழ்ந்து மூச்சை உள்ளிழுங்கள்; நாடி சற்று விரையும். மெதுவாக வெளிவிடுங்கள், நாடி தளரும். இளம் வயதினரிடம் இவ்வேறுபாடு நன்றாகவே தெரியும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் என்னும் நரம்பு இதயத்தின் விரைவைத் தணிப்பதே இதற்குக் காரணம். ஆகவே 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை வெளிவிட்டு, இவ்வாறு சில நிமிடங்கள் செய்தால் படபடப்பு குறையும். இதயத்தை நாம் நேரடியாக ஆள முடியாது; மூச்சின் வழியே ஓரளவு ஆளலாம். தேர்வுக்கூடத்தில் வினாத்தாள் வரும் முன் இதைச் செய்யலாம். ஆனால் முதன்முறையாக அன்றே செய்யாமல், சில வாரம் வீட்டில் பழகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, உறக்கம். பகலில் படித்தவற்றை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் கண்விழித்துப் படிப்பவன், இறைத்த நீரை ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிறான். மூன்றாவது, வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுத் தேர்வையும் எழுதிப் பழகுதல். பழகிய சூழ்நிலையை மூளை ஆபத்தாகக் கருதுவதில்லை.

இவையெல்லாம் சிறு சுமைக்கு ஏற்ற வழிகள். மனச்சோர்வு நோயாக முற்றியவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும். எலும்பு முறிந்தவனிடம் நடைப்பயிற்சி செய்யச் சொல்லலாமா?

சுமையைக் குறைப்பதும் நம் கடமை

கம்பியை வலுப்படுத்துவது ஒரு வழி. எடையைக் குறைப்பது மற்றொரு வழி. இரண்டும் வேண்டும். முன்பெல்லாம் பொதுத்தேர்வில் தவறியவர் மறுதேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்து, ஓராண்டுப் படிப்பையே இழந்தார். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உடனடித் துணைத்தேர்வு முறை வந்தபின், தவறிய பாடத்தை விரைவிலேயே எழுதி அதே ஆண்டில் மேலே படிக்க வழி ஏற்பட்டது. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. இவை ஆலோசகர் அறைக்கு வெளியே நடந்த ஆற்றுப்படுத்தல்கள் எனலாம். முடிவு வெளியான நாளில் வீட்டு வாசலில் நின்று மதிப்பெண் விசாரிக்கும் உறவினரும் அக்கம் பக்கத்தாரும் தம் பங்குக்குச் சிறிது எடையை இறக்கலாம்.

முதலாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கும் என் போன்றோர், பள்ளியிலிருந்து வருபவர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பவர்களுள் பலருக்கு விடை தெரியும். தவறாகச் சொன்னால் என்ன நேரும் என்பதையே அவர்கள் நன்கு கற்றிருக்கிறார்கள். அறிவியல் வளர்வது தவறாகச் சொல்லித் திருத்திக்கொள்வதனால்தான். ஆகவே மாணவர் மனநலம் என்பது பாடத்திற்குப் புறம்பானது அன்று. பாடம் நடைபெறுவதற்கே அது முன்தேவை.

இறுதியாக, கம்பி உவமையின் குறைபாட்டையும் கூற வேண்டும். மீட்சி எல்லையைத் தாண்டிய எஃகுக் கம்பி தானாக மீள்வதில்லை. மனித மனம் அப்படியன்று. எல்லை தாண்டித் துவண்டவர்களும் துணை கிடைத்தால் மீண்டு எழுகின்றனர். மேலும், கம்பி தன் சுமையை வாய் திறந்து சொல்லாது. மாணவனால் சொல்ல முடியும், கேட்க ஒருவர் இருந்தால். ஆனால் ஓரிடத்தில் உவமை முற்றிலும் பொருந்துகிறது. ஒரு கம்பியில் தொங்கும் எடையை, அதே அளவுள்ள மற்றொரு கம்பியையும் பக்கத்தில் இணைத்துத் தாங்கச் செய்தால், முதல் கம்பியில் தகைவு சரிபாதியாகக் குறைந்துவிடும். எடை குறையவில்லை, தாங்குவோர் இருவராயினர்.